பக்கத்துக்குள் என்ன நடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

எழுத்தை வரிகளாக்கி, வரிகளைப் பக்கங்களாக்கும் மென்பொருளை எழுதுகிறவர்களும், அப்படிப்பட்ட மென்பொருளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த முறை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரே கேள்வியாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எளிய மார்க்அப் கோப்பைப் படித்து பிடிஎஃப் உருவாக்கும் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் ஏதாவது கோணலாக வந்தால் ஒவ்வொரு பெட்டியின் அகல உயரத்தையும் லாகில் (நிரல் எழுதும் பதிவுக் கோப்பில்) அச்சிட்டு, அந்த எண்களையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெட்டிகளைப் பக்கத்தின் மேலேயே வரைந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: கடைசியில் ஆரம்பியுங்கள். வரி உடைத்து, பக்கம் பிரித்து, எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கி முடித்த பிறகு உங்கள் நிரலின் கையில் ஒரு மரம் இருக்கும்: பக்கத்துக்குள் பத்தி, பத்திக்குள் வரி, வரிக்குள் எழுத்து. அதை எழுத்தாக பிடிஎஃப்பில் கொட்டும் அதே நேரத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மெல்லிய செவ்வகத்தையும் கொட்டிவிட்டால் முதல் கருவி தயார். அடிக்கோட்டை, அதாவது எழுத்துகள் உட்காரும் கோட்டை, தனி நிறத்தில் வரையுங்கள். வெறும் செவ்வகத்தை விட, அடிக்கோடு செவ்வகத்தின் எந்த உயரத்தில் ஓடுகிறது என்பதுதான் பாதிக் குழப்பங்களைத் தீர்க்கும். டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் ஒவ்வொரு பெட்டிக்கும் உயரம், ஆழம், அகலம் என்று மூன்று அளவு வைத்திருப்பதே இதற்காகத்தான்.

ஒரே ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். கருவியை இயக்கியதால் பக்கத்தில் எதுவும் ஒரு துளிகூட நகரக் கூடாது. வலைப்பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: சோதனைக்காக 1 பிக்சல் பார்டர் போட்டால் பெட்டி அந்த அளவுக்குப் பெரிதாகி, அருகிலிருக்கும் பெட்டி அடுத்த வரிக்கு இறங்கிவிடும், நீங்கள் தேடிவந்த பிழை மறைந்து புதிதாக இன்னொன்று முளைத்திருக்கும், அவுட்லைன் இடம் எடுத்துக்கொள்ளாது என்பதால் அதைப் போட்டால் ஒன்றும் ஆகாது. உங்கள் நிரலிலும் செவ்வகம் வரைவதை மரத்தில் புதிய உறுப்பாகச் சேர்க்கிறீர்கள் என்றால் அதன் அகலம், உயரம் இரண்டும் பூஜ்யமாக இருக்கட்டும், அதுவும் அளவெடுக்கும் வேலை எல்லாம் முடிந்த பிறகு சேரட்டும். சந்தேகமிருந்தால் கருவியை இயக்கி ஒரு முறை, நிறுத்தி ஒரு முறை ஓடவிட்டு, எழுத்துகளின் ஆயத்தொலைவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றுகூட மாறியிருக்கக் கூடாது.

கேள்வி: நீங்கள் சொல்வதைப் போல ஏற்கெனவே வரைந்துவிட்டேன் ஐயா. ஆனால் செவ்வகங்கள் எழுத்தோடு ஒட்டவில்லை. பக்கத்தின் ஒரு முனையில் சரியாக இருக்கிறது, போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக விலகி மறுமுனையில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லேஅவுட் தவறா, வரைவது தவறா?

பதில்: ஒரு மில்லிமீட்டர் என்று அளந்து சொன்னீர்கள் பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது. டெக்கின் புள்ளிக் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 72.27 புள்ளி. பிடிஎஃப்பில் ஓர் அங்குலத்துக்கு 72 அலகு. ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் 0.375 சதவீதம் பிசகும். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், ஆக முழு உயரத்துக்குச் சுமார் 1.1 மில்லிமீட்டர். எழுத்துக்கு மாற்றிப் போட்டுவிட்டு, பிறகு அவசரமாகச் சேர்த்த செவ்வகத்துக்கு மாற்ற மறந்திருப்பீர்கள்.

இதே இனத்தில் இன்னொன்றும் உண்டு. பிடிஎஃப்பின் ஆதிப்புள்ளி பக்கத்தின் இடது கீழ் மூலை, மேலே போகப் போக எண் கூடும். திரைக்கு வரைகிற பெரும்பாலான நூலகங்களில் ஆதிப்புள்ளி மேலே, கீழே வரவர எண் கூடும். இதைக் கோட்டைவிட்டால் செவ்வகங்கள் தலைகீழாக விழும், அது உடனே கண்ணில் பட்டுவிடும் என்பதால் ஆபத்தில்லை. கண்ணில் படாமல் உறுத்துவது முதல் வகைதான். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் நான்கு மூலையிலும் சின்னக் கூட்டல் குறி ஒன்றைக் கருவியே போட்டுவிடட்டும். அது மூலையில் சரியாக விழாத பக்கத்தில் மற்ற எந்தக் கோட்டையும் நம்ப வேண்டாம்.

கேள்வி: எல்லாப் பெட்டிகளையும் வரைந்தால் பக்கம் முழுக்க மீன்வலை விரித்தது போல ஆகிவிடுகிறது. எதையுமே பார்க்க முடியவில்லை. நிறம் மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

பதில்: எல்லாவற்றையும் காட்டாதீர்கள், அவ்வளவுதான். கருவியைத் திறக்கும்போது மனதில் ஒரு கேள்வி இருக்கும்: இந்த இடைவெளி எங்கிருந்து வந்தது, இந்த அட்டவணை ஏன் ஓரத்தைத் தாண்டுகிறது, இப்படி. அந்தக் கேள்விக்கு வேண்டியதை மட்டும் காட்டும் தனித்தனி முறைகள் வையுங்கள். பத்தி நிலையில் ஒன்று, வரி நிலையில் ஒன்று, எழுத்து நிலையில் ஒன்று, இடைவெளிகள் மட்டும் ஒன்று. பிடிஎஃப்பில் 1.5 பதிப்பிலிருந்தே அடுக்குகளை மறைக்கவும் காட்டவும் வசதி இருக்கிறது, ஆகவே ஒரே கோப்பில் எல்லாவற்றையும் வைத்து, படிப்பவரே வேண்டியதை இயக்கிக்கொள்ளலாம். பிடிஎஃப் பார்க்கும் எல்லா மென்பொருளிலும் அந்த அடுக்குப் பட்டியல் தெரியாது என்பதுதான் ஒரு தொல்லை.

ஒன்றின் மேல் ஒன்றாக விழும் கோடுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாய்ப் பெட்டியும் சேய்ப் பெட்டியும் ஒரே அளவில் இருந்தால் ஒரு கோடுதான் தெரியும். சிலர் உள்பெட்டியை அரைப் புள்ளி சுருக்கி வரைகிறார்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அப்புறம் அந்த அரைப் புள்ளி இடைவெளி நிஜமா, கருவி போட்டதா என்று தெரியாது. கோட்டை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, மூலையில் மட்டும் எத்தனை பெட்டிகள் அங்கே அடுக்கியிருக்கின்றன என்று சின்ன எண் போடுவது எனக்குப் பிடித்த வழி.

பூஜ்ய அகலமோ உயரமோ கொண்ட பெட்டிகளுக்குக் கட்டாயம் ஓர் அடையாளம் வேண்டும். செவ்வகமாக வரைந்தால் அவை தெரியவே தெரியாது, ஆனால் வரி உயரத்தைக் கெடுப்பது பலமுறை இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஆசாமிகள்தான். எதிர்மறை இடைவெளிக்கும் இப்படியே. நிறத்தைப் பொறுத்தவரை, சிவப்பையும் பச்சையையும் மட்டும் வைத்து இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டாதீர்கள், அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள் நிறையப் பேர். கோட்டின் வடிவத்தையும் மாற்றுங்கள், ஒன்று முழுக்கோடு, மற்றொன்று விட்டு விட்டு.

கேள்வி: டெக் பாணியில் பத்தியை வரிகளாக உடைக்கும் பகுதியை நானே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் நன்றாக வருகிறது. சில வரிகளில் மட்டும் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டை. பெட்டிகளை வரைந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது! இடைவெளிதான் பெரிதாக இருக்கிறது, அது எனக்கே தெரிகிறதே?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த முறை பகுதியை இந்தப் பக்கம் திருப்பினேன். பெட்டி வரைவதோடு நின்றுவிடும் கருவிகள் முடிவை மட்டும்தான் காட்டுகின்றன. உங்களுக்கு வேண்டியது காரணம். அந்த இடத்தில் வரி ஏன் உடைந்தது, வேறு எங்கே உடைந்திருக்கலாம், அந்த மற்ற இடங்கள் எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றன? இதைப் பக்கத்தின் மேலேயே காட்டாத கருவி அரைக் கருவி என்பேன்.

முதலில் இடைவெளியைப் பார்ப்போம். டெக்கில் சொற்களுக்கிடையே இருப்பது க்ளூ. அதற்கு இயல்பான அகலம், எவ்வளவு விரியலாம், எவ்வளவு சுருங்கலாம் என்று மூன்று எண்கள். வரி முடிவான பிறகுதான் அது நிஜத்தில் எவ்வளவு அகலம் என்பது தீர்மானமாகும், அந்த விகிதம் வரிப் பெட்டியில்தான் எழுதியிருக்கும், க்ளூவில் இருக்காது. கருவி எழுதும் பலர் க்ளூவின் இயல்பான அகலத்தை வரைந்துவிட்டு, எழுத்தோடு ஒட்டவில்லையே என்று விழிப்பது இதனால்தான். விரியும் அளவை (சுருங்கும் வரியில் சுருங்கும் அளவை) தாய்ப் பெட்டியின் விகிதத்தால் பெருக்கி, இயல்பான அகலத்தோடு கூட்டி (சுருங்கினால் கழித்து) வரையுங்கள். அதில் இயல்பான அகலம் வரை ஒரு நிறம், விரிந்த பகுதி இன்னொரு நிறம் என்று காட்டினால், எந்த வரி மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, எந்த வரி நிம்மதியாக இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டும் வேகத்தில் தெரிந்துவிடும்.

இனி காரணம். டொனால்ட் கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட முறையில் ஒவ்வொரு வரியையும் தனியாகப் பார்ப்பதில்லை, பத்தி முழுவதற்கும் மொத்தத் தண்டனை எங்கே குறைவு என்று பார்க்கிறார்கள். ஒரு வரியின் பேட்னஸ், அதாவது அது எவ்வளவு மோசம் என்ற அளவு, தோராயமாக விரிவு விகிதத்தின் மும்மடியை நூறால் பெருக்கியது: அனுமதித்த விரிவில் பாதி விரிந்தால் சுமார் 12, முழுதாக விரிந்தால் 100, இரு மடங்கு விரிந்தால் 800. அதோடு டெக் வழக்கமாக வரிக்கு வரி 10 கூட்டி இருபடியாக்குகிறது. பேட்னஸ் 23 என்றால் 33இன் இருபடி, 1089. ஹைஃபன் போட்டு உடைத்தால், இறுக்கமான வரிக்கு அடுத்து தளர்ந்த வரி வந்தால், இன்னும் கூடும். டெக்கில் பத்திக்கான ட்ரேசிங்கை (நடப்பதைப் படிப்படியாகப் பதியும் வசதியை) இயக்கினால் இந்த எண்கள் அத்தனையும் லாகில் வந்து கொட்டும், 1089 மாதிரி எண்களை அங்கே பார்த்திருப்பீர்கள். தகவல் முழுமையானது. படிக்கத்தான் ஆள் இல்லை.

அந்த எண்களைப் பத்தியின் மேல் ஏற்றுங்கள். உடைக்கச் சாத்தியமாக இருந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு சின்னக் குத்துக்கோடு, வென்ற இடத்தில் அழுத்தமாக, தோற்ற இடங்களில் மெலிதாக. ஒன்றைத் தொட்டால், அங்கே உடைத்திருந்தால் பத்தியின் மொத்தத் தண்டனை என்ன ஆகியிருக்கும் என்று காட்டட்டும். அந்த ஓட்டை வரியை இப்படித் தொட்டுப் பார்க்கும்போது, ஒன்று, அருகில் குத்துக்கோடே இல்லாமல் இருக்கும், அதாவது ஹைஃபன் இடங்கள் உங்கள் நிரலுக்குத் தெரியவில்லை. இல்லையென்றால் குத்துக்கோடு இருக்கும், ஆனால் அதைத் தேர்ந்தால் மூன்று வரிக்குக் கீழே இன்னும் பெரிய ஓட்டை விழுந்திருக்கும், உங்கள் நிரல் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. வெறும் பெட்டிப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

எந்தச் சுற்றில் பத்தி முடிந்தது என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள். டெக் முதலில் ஹைஃபன் இல்லாமல், பேட்னஸ் 100 வரை பொறுத்துக்கொண்டு முயலும். முடியாவிட்டால் ஹைஃபனோடு, வழக்கமான அமைப்பில் 200 வரை. ஓரத்தில் இரண்டாம் சுற்று என்று இருக்கும் பத்திகளை மட்டும் பார்த்தாலே தொல்லை தரும் பத்திகளில் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும்.

அப்புறம், வரி ஓரத்தைத் தாண்டினால் பக்கத்திலேயே கறுப்புக் கட்டை போடுவது டெக்கின் ஆரம்ப கால வழக்கம். டெக்கின் மேல் கட்டப்பட்ட லாடெக்கில் அது இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, டிராஃப்ட் என்று சொன்னால்தான் வரும். கறுப்புக் கட்டையோடு எத்தனை புள்ளி தாண்டியது என்ற எண்ணும் அதன் பக்கத்திலேயே விழுந்தால் நன்றாக இருக்கும், 0.4 புள்ளிக்கும் 40 புள்ளிக்கும் ஒரே அளவில் கட்டை போடுவதில் என்ன பயன்?

கேள்வி: தலைப்பு ஒன்று அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுகிறது, முந்தைய பக்கத்தின் அடியில் கால் பக்கம் காலி. பெனால்ட்டிகளை (இங்கே உடைத்தால் இவ்வளவு தண்டனை என்ற எண்களை) காட்டும்படி கருவி எழுதினேன், ஆனால் அந்த இடத்தில் எதுவுமே தெரியவில்லை.

பதில்: தெரியாது. உடைந்த இடத்தை ஒட்டி வரும் க்ளூவையும் பெனால்ட்டியையும் டெக் தூக்கி எறிந்துவிடும், அடுத்த பக்கத்தின் தலையில் தேவையில்லாத இடைவெளி வரக் கூடாது என்பதற்காக. நீங்கள் முடிந்த பக்கத்தை வைத்துக்கொண்டு தேடுகிறீர்கள், சாட்சிகள் ஏற்கெனவே போய்விட்டார்கள். பக்கம் உடைவதற்கு முன்பு பட்டியலை எட்டிப்பார்த்து, ஒவ்வொரு பெனால்ட்டியையும் அதற்கு முந்தைய வரிப் பெட்டியின் மேல் ஒரு குறிப்பாக ஒட்டிவைத்துவிடுங்கள். பெட்டி பிழைக்கும், குறிப்பும் அதோடு பிழைக்கும். லுவா நிரல்மொழியை உள்ளே கொண்ட டெக் வகையான லுவாடெக்கில் வரி உடைப்பதற்கு முன்னும் பின்னும் உங்கள் லுவா நிரலை நுழைக்க வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள், அதனால் அங்கே இது சுலபம்.

உங்கள் தலைப்பு விஷயத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். தலைப்புக்குக் கீழே 10000, அதாவது இங்கே உடைக்கவே கூடாது. அதற்கடுத்து மூன்று வரிப் பத்தி. முதல் வரிக்குப் பிறகும் கடைசி வரிக்கு முன்பும் உடைப்பதற்கு லாடெக்கில் இயல்பான பெனால்ட்டி 150தான், ஆனால் ஒற்றை வரி தனியாக நிற்கக் கூடாது என்று பலர் இரண்டையும் 10000 ஆக்கிவிடுகிறார்கள். மூன்று வரிப் பத்தியில் உடைக்க இருப்பதே இரண்டு இடம்தான், இரண்டையும் பூட்டியாயிற்று. ஆக தலைப்பும் பத்தியும் சேர்ந்து ஒரே கட்டி. அடுத்து ஒரு பெரிய சமன்பாடு, அதற்கு முன்னும் 10000 என்றால் அதுவும் அந்தக் கட்டியோடு சேரும். யாரும் தவறாக எதையும் எழுதவில்லை, தனித்தனியாக நியாயமான மூன்று விதிகள் கைகோத்துக்கொண்டன.

ஆகவே பெனால்ட்டிகளை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக் காட்டுவதை விட, உடைக்கவே முடியாத நீளங்களைப் பக்கத்தின் ஓரத்தில் செங்குத்துப் பட்டையாக வரையுங்கள். எங்கே பட்டை அறுபடுகிறதோ அங்கே மட்டும்தான் பக்கம் முடியலாம். காலி இடத்தின் உயரத்தையும் அடுத்த பட்டையின் உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் மேற்கொண்டு கேள்வி இருக்காது.

கேள்வி: நான் நிரலாளர் இல்லை, வேர்டில் நீண்ட அறிக்கைகள் தயாரிக்கிறேன். இந்த மாதிரி ஏதாவது எனக்கு உண்டா?

பதில்: உண்டு, உங்கள் முன்னாலேயே இருக்கிறது. பத்திக்குறி போட்ட பொத்தானை அழுத்துங்கள், அல்லது கன்ட்ரோல், ஷிஃப்ட், 8. இடைவெளிகள் புள்ளியாக, டேப்கள் அம்பாகத் தெரியும். இடது ஓரத்தில் சில பத்திகளுக்குப் பக்கத்தில் சின்னக் கறுப்புச் சதுரம் இருக்கிறதா? அடுத்த பத்தியோடு சேர்ந்தே இரு, வரிகளைப் பிரிக்காதே போன்ற கட்டளை ஏதோ அந்தப் பத்தியில் இருக்கிறது என்று அர்த்தம். பக்கம் தாவுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சதுரம்தான், ஆனால் அதை அச்சுப் பிழை என்று நினைத்து அழிக்கப் பார்க்கிறவர்களே அதிகம். ஷிஃப்ட்டோடு எஃப்1 அழுத்தினால் தேர்ந்த எழுத்துக்கு எந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று பக்கப்பட்டியில் விரியும். லிப்ரேஆஃபிஸில் குறிகளைக் காட்ட கன்ட்ரோல் எஃப்10.

வேர்ட்பெர்ஃபெக்ட் என்ற சொற்செயலியின் காலத்து ஆட்கள் இன்னும் ஏக்கத்தோடு பேசுவது ரிவீல் கோட்ஸ் பற்றி: திரையின் கீழ்ப்பாதியில் எழுத்துகளுக்கு நடுவே தடிப்பு தொடங்குகிறது, தடிப்பு முடிகிறது என்று குறிகள் அப்படியே வரிசையாக ஓடும், அழிக்க வேண்டிய குறியை அங்கேயே அழிக்கலாம். வேர்டில் அமைப்பு ஓட்டமாக இல்லை, பத்திக்குப் பத்தி ஒட்டிவைத்த குணங்களாக இருக்கிறது, ஆகவே அதே கருவியை அங்கே கொண்டுவர முடியாது.

கேள்வி: தமிழ் எழுத்துக்கு இந்தக் கருவிகள் சரியாக வேலை செய்கின்றனவா? என் கருவியில் ஒவ்வோர் எழுத்துக்கும் செவ்வகம் போட்டால் 'கொ' மூன்று செவ்வகமாக வருகிறது.

பதில்: மூன்றாகத்தான் வரும். கோப்பில் 'கொ' என்பது ககரம், அதற்கு ஒகரக் குறி என இரண்டு யூனிகோட் எண்கள். ஹார்ஃப்பஸ் மாதிரி எழுத்து வடிவமைக்கும் நூலகம் அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னால் தூக்கிவைத்து, காலைப் பின்னால் வைத்து, மூன்று வடிவங்களாகத் திருப்பித் தருகிறது. உள்ளே போனது இரண்டு, வெளியே வந்தது மூன்று, வரிசையும் மாறிவிட்டது. எந்த வடிவம் எந்த எழுத்திலிருந்து வந்தது என்று ஒன்றுக்கு ஒன்று கோடு போட முயன்றால் பைத்தியம் பிடிக்கும். ஹார்ஃப்பஸ் ஒவ்வொரு வடிவத்தோடும் கிளஸ்டர் எண் ஒன்றை, அதாவது எந்தெந்த வடிவங்கள் ஒரே எழுத்தைச் சேர்ந்தவை என்று காட்டும் எண்ணை, தருகிறது. ஒரே எண் உள்ளவற்றைச் சேர்த்து ஒரே வெளிச் செவ்வகம், அதற்குள் மெலிதாக வடிவங்களின் செவ்வகம். ஆங்கிலத்துக்கு மட்டும் எழுதிய கருவிகளில் இந்த வெளிச் செவ்வகம் இருக்காது, அதைச் சேர்ப்பது உங்கள் வேலை.

சேர்த்த உடனே ஒரு பலன் கிடைக்கும். 'கௌரவம்' என்ற சொல்லை ஔகாரக் குறி போட்டு எழுதலாம், கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டி 'கெளரவம்' என்றும் எழுதிவிடலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். முதலாவதில் நான்கு கிளஸ்டர், இரண்டாவதில் ஐந்து. வெளிச் செவ்வகம் போட்ட மறுநொடி தெரிந்துவிடும். தேடினால் கிடைக்காத சொல், அகர வரிசையில் இடம் மாறி உட்காரும் சொல், ஹைஃபன் விழுந்து 'கெ' ஒரு வரியிலும் 'ள' அடுத்த வரியிலும் பிரிந்து கிடக்கும் விபத்து, எல்லாவற்றுக்கும் மூலம் இதுதான். இன்னொரு வகை, ஒகரக் குறியை ஒரே எண்ணாக வைப்பதும் கொம்பு, கால் என இரண்டு எண்ணாக வைப்பதும். இவை யூனிகோடின் பார்வையில் சமமானவை, ஆகவே கோப்பைப் படிக்கும்போதே ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிவிட்டால் போதும். ஔகாரத் தவறு அப்படித் தீராது, ஏனென்றால் ளகரம் என்பது நிஜமாகவே வேறு எழுத்து.

குறி தனியாக அநாதையாக நின்றால் புள்ளிகளால் ஆன வட்டம் தோன்றுமே, அதைப் பலர் எழுத்துருவின் குறை என்று நினைக்கிறார்கள். வடிவமைக்கும் நூலகமே போடும் எச்சரிக்கை அது, சொல்லப்போனால் நமக்கு இலவசமாகக் கிடைத்த டீபக் (பிழை தேடும்) கருவி. அதை மறைக்க முயலாதீர்கள்.

உயரத்தையும் பாருங்கள். எழுத்துருக் கோப்புக்குள் மேல் உயரம், கீழ் ஆழம் என்ற ஜோடி மூன்று இடங்களில் எழுதியிருக்கும், ஒரு மென்பொருள் ஒன்றை எடுக்கும், இன்னொன்று வேறொன்றை எடுக்கும். ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஆனால் வரி இடைவெளி மட்டும் இடத்துக்கு இடம் மாறுவதன் காரணம் பெரும்பாலும் இது. மை படும் எல்லைக்கு ஒரு செவ்வகம், எழுத்துரு அறிவிக்கும் எல்லைக்கு ஒரு செவ்வகம் என இரண்டையும் வரைந்தால், கீழே இறங்கும் குறிகள் அறிவித்த எல்லையை மீறி அடுத்த வரியில் முட்டுவதும் சேர்ந்தே தெரியும்.

கேள்வி: பக்கத்தில் ஓர் இடத்தைச் சொடுக்கினால் மூலக் கோப்பில் அந்த வரிக்குப் போக வேண்டும். எப்படி?

பதில்: ஒவ்வொரு பெட்டியும் பிறக்கும்போதே கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் அதன் மேல் எழுதிவிடுங்கள், அவ்வளவே. பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் முடியாது. டெக் உலகில் ஜெரோம் லாரன்ஸின் சிங்க்டெக் இதைச் செய்கிறது, 2008 டெக்லைவ் என்ற டெக் தொகுப்பிலிருந்தே கூட வருகிறது. பொருளடக்கத்தில் சொடுக்கினால் அது உங்கள் கோப்புக்குப் போகாமல், டெக் தானே உருவாக்கிய துணைக் கோப்புக்குப் போய் நிற்கும். எழுத்து அங்கிருந்துதான் படிக்கப்பட்டது என்பதால் அது பொய் சொல்லவில்லை, ஆனால் உங்களுக்குப் பயனும் இல்லை. சொந்தமாக எழுதுகிறவர்கள் ஒரு பெட்டிக்கு இரண்டு முகவரி வைத்தால் இந்தத் தலைவலி இல்லை: எங்கே படித்தோம், முதலில் யார் எழுதியது.

கேள்வி: இவ்வளவு படம் வந்த பிறகு உரையாக வரும் லாக் எதற்கு? எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். படம் நீங்கள் பார்ப்பதற்கு, உரை இயந்திரம் ஒப்பிடுவதற்கு. நேற்றைய பதிப்பும் இன்றைய பதிப்பும் ஒரே பக்கத்தைத் தருகின்றனவா என்று சோதிக்க, மரத்தை உரையாகக் கொட்டி வரிக்கு வரி ஒப்பிடுவதுதான் நம்பகமானது. பிடிஎஃப் கோப்புகளை பைட்டுக்கு பைட்டு ஒப்பிடாதீர்கள், உள்ளே உருவான நேரம் இருக்கும், அடையாள எண் இருக்கும், ஒன்றுமே மாறாவிட்டாலும் வேறு என்று சொல்லும். படங்களாக மாற்றி ஒப்பிட்டால் எழுத்தின் விளிம்பை மென்மையாக்குவதில் வரும் சாம்பல் வேறுபாடுகள் வந்து குழப்பும்.

உரை ஒப்பீடு வேறு என்று சொன்ன பக்கத்தை மட்டும் எடுத்து, பழையதையும் புதியதையும் ஒரே இடத்தில் வைத்து மாற்றி மாற்றி மின்னவிடுங்கள். நகர்ந்தது துள்ளும், மற்றது அசையாது. இரண்டையும் அருகருகே வைத்தால் அரைப் புள்ளி நகர்வு யார் கண்ணுக்கும் தெரியாது.

டெக்கில் பெட்டியின் உள்ளடக்கத்தை உரையாகக் கொட்டும் வசதி முதலிலிருந்தே இருக்கிறது. டெக்கின் அடிப்படை அமைப்பான ப்ளெயின் டெக்கில் அது மூன்று நிலை ஆழம், நிலைக்கு ஐந்து உறுப்பு என்று நின்றுவிடும். முழுதாக வேண்டுமென்றால் அந்த இரண்டு எல்லைகளையும் உயர்த்திக்கொள்ள வேண்டும். பாதி மரத்தை வைத்து ஒப்பிட்டுவிட்டு எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாம் சரி, நானே எழுதத்தான் வேண்டுமா? தயாராக எதுவும் இல்லையா?

பதில்: லுவாடெக் பயன்படுத்தினால் பேட்ரிக் குண்ட்லாக்கின் லுவா விஷுவல் டீபக் என்ற தொகுப்பு இருக்கிறது, ஆவணத்தின் தலையில் ஒரு வரி சேர்த்தால் பெட்டி, க்ளூ, கெர்ன் (விரியாத, சுருங்காத இடைவெளி), பெனால்ட்டி, ஹைஃபன் இடம் எல்லாம் பக்கத்தின் மேல் வந்துவிடும். டெக்கின் மேல் கட்டப்பட்ட இன்னொன்றான கான்டெக்ஸ்டில் பக்கச் சட்டத்தையும் வரிக்கட்டத்தையும் காட்டும் கட்டளைகள் கூடவே வருகின்றன. வலைப்பக்கத்தை அச்சுக்கு அனுப்புகிறவர்களுக்கு உலாவியின் டெவலப்பர் கருவிகளே பாதி வழி கூட்டிப்போகும். அச்சுக்கான பாணியை அங்கேயே இயக்கிப் பார்க்கும் வசதியும் உண்டு, ஆனால் பக்கம் எங்கே உடையும் என்று அதில் தெரியாது, அதற்கு அச்சு முன்னோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

உங்கள் சொந்த இயந்திரம் என்றால் நீங்கள்தான் எழுத வேண்டும், வேறு யாருக்கும் உங்கள் மரத்தின் வடிவம் தெரியாது. எழுதும் வரிசையைக் கேட்டால்: முதலில் மரத்தை உரையாகக் கொட்டுவது, அடுத்து மூலை கூட்டல் குறியோடு வரிப் பெட்டியும் அடிக்கோடும், அடுத்து க்ளூவின் விரிவு. தோற்ற இடங்களைக் காட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வரி உடைக்கும் பகுதியை எழுதும்போதே தோற்றவற்றை அழிக்காமல் ஒரு பட்டியலில் போட்டுவையுங்கள். கொஞ்சம் நினைவகம்தான் செலவு, தேவையில்லாதபோது ஒரு சுவிட்சால் அணைத்துவிடலாம்.